மார்பை எடுத்த பிறகு மறுபடி அமைப்பதா, வேண்டாமா? ஒரு தையல்காரி சொல்லும் வழி

உறையூரில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், 46 வயதில், புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் தைக்க வருகிறவர்களில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. மார்பு எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள், அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வரும் அக்கா தங்கைகள். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எடுத்த இடத்தில் மறுபடி அமைக்கலாமாமே, செய்துக்கட்டுமாக்கா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். வீட்டுக்கு வந்து எதை யோசிக்க வேண்டும் என்றும் சொல்ல முடியும்.

இரண்டையும் பிரித்து வையுங்கள்

புற்றுநோயை எடுப்பது ஒரு முடிவு. எடுத்த இடத்தில் மார்பை மறுபடி அமைப்பது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானிக்கச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். முதலாவதைத் தள்ளிப் போடக்கூடாது. ஓரிரு வாரம் யோசிக்க, விசாரிக்க டாக்டரைக் கேட்டுக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் "பச்சிலை கட்டிப் பார்க்கிறேன், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று மாதக்கணக்கில் விட்டால் கட்டி சும்மா இருக்காது. கோயிலுக்குப் போங்கள், தேதியையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

இரண்டாவதுக்கு அந்த அவசரம் கிடையாது. மார்பை எடுக்கிற அன்றே அமைக்கலாம். சிகிச்சை எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து அமைக்கலாம். பத்து வருடம் கழித்து ஆசை வந்தாலும் அமைக்கலாம்.

ஆனால் பதில் மெதுவாக வந்தாலும், கேள்வியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். அன்றே அமைப்பதாக இருந்தால் மேல்தோலை வைத்துக்கொண்டு, சிலருக்குக் காம்பையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் தோலையும் சேர்த்து எடுத்து நேராகத் தைத்து மூடுவார்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. அதனால்தான் முன்னால் கேட்கச் சொல்கிறேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் பார்த்த மருத்துவமனையில் டாக்டர் என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவர் உள்ளே வரும்போதே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். முகமெல்லாம் வெளுத்துப்போய், "எடுத்துடணுமாம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பயத்தில் நீட்டிய இடத்தில் போட்டுவிட்டார். மறுசீரமைப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதே ஆபரேஷன் முடிந்து கீமோ போடும்போது, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை சொல்லித்தான் தெரியும். கேட்டிருந்தால் அன்றைக்கு நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேனாக இருக்கும். ஆனாலும் என்னைக் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அது ஆறவில்லை. டாக்டர் அறைக்குள் நீங்கள் போங்கள். துணைக்கு வருகிறவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.

முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா?

மறுசீரமைப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் பலருக்குக் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்து, மிச்ச மார்புக்குக் கரண்ட் வைத்தால் போதும். ரேடியேஷனைத்தான் (கதிர்வீச்சுச் சிகிச்சை) நாங்கள் கரண்ட் என்கிறோம். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகள் 2002இல் வெளிவந்தன. முழு மார்பையும் எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்துக்கொண்டவர்களும் ஒரே மாதிரிதான் உயிர் வாழ்ந்தார்கள். "முழுசா எடுத்தாத்தான் நிம்மதி" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பாசத்தில் சொல்வது அது, மருத்துவக் கணக்கு வேறு.

எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே மார்பில் இரண்டு மூலைகளில் இரண்டு கட்டிகள். கட்டி பெரிதாக இருப்பவர்கள், அதே பக்கம் முன்பே கரண்ட் வைத்தவர்கள், கரண்ட் வைக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் முழுதாக எடுக்கச் சொல்வார்கள். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு கட்டியை மட்டும் எடுக்கலாம். எனவே "ஏன் முழுதாக எடுக்க வேண்டும்? முதலில் கீமோ கொடுத்துப் பார்க்க முடியாதா?" என்ற இரண்டு கேள்விகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது தப்பில்லை, முதல் டாக்டருக்கு அவமரியாதையும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் என்று போய்க் கேட்க இடங்கள் இருக்கின்றன. மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) படம், சதைப் பரிசோதனை ரிப்போர்ட், கட்டி எந்த வகை என்று சொல்லும் ஹார்மோன் மற்றும் ஹெர்2 ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். சதைப் பரிசோதனை செய்த கண்ணாடித் துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல இடங்களில் அதை மறுபடி பார்ப்பார்கள்.

நல்ல பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அம்மா, சித்தி, அக்கா என்று குடும்பத்தில் பலருக்கு இருந்து, மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ என்ற, மார்புப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மாற்றம் தெரிந்தால் அதைப் பேச வேண்டியதுதான். மற்றவர்களுக்கு நல்ல பக்கத்தை எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை.

கரண்ட் உண்டா என்று கேட்ட பிறகே மற்றதெல்லாம்

மறுசீரமைப்பு முடிவில் பாதி கரண்டில் அடங்கியிருக்கிறது. அக்குள் நெறிகட்டிகளில் நோய் பரவியிருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ மார்பை எடுத்த பிறகும் கரண்ட் வைப்பார்கள். எனக்கு 15 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம் வைத்தார்கள். கரண்ட் பட்ட தோல் இளகிக் கொடுக்காது. வெயிலில் பல வருடம் கிடந்த ரப்பர் எப்படி இறுகிப்போகுமோ அப்படி.

கீமோ வார்டில் பழகிய இன்னொரு தங்கச்சிக்கு மார்பை எடுத்த அன்றே தோலுக்குள் சிலிகான் பை வைத்தார்கள். பிறகு ரிப்போர்ட்டில் நெறிகட்டியில் நோய் இருந்ததால் கரண்ட் வைக்க வேண்டி வந்தது. எட்டு மாதத்தில் அந்தப் பக்கம் கல்லாக இறுகி மேலே ஏறிக்கொண்டது. சிலிகானைச் சுற்றி உடம்பே ஒரு உறை போடும், கரண்ட் வைத்தவர்களுக்கு அந்த உறை தடித்து இறுக வாய்ப்பு அதிகம் என்று அவளுக்குப் பிறகுதான் விளக்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனால் முன்னாலேயே தெரிந்திருந்தால் அவள் வேறு மாதிரி யோசித்திருப்பாள்.

ஆகவே முதல் கேள்வி: "எனக்குக் கரண்ட் தேவைப்படுமா? இப்போது சொல்ல முடியாது என்றால் எப்போது தெரியும்?" கட்டாயம் உண்டு என்றால், பல டாக்டர்கள் கரண்ட் முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ தோல் ஆறிய பிறகு சொந்தச் சதையை வைத்து அமைக்கலாம் என்பார்கள்.

அடுத்தது சர்க்கரை. எனக்கு மூன்று மாத சர்க்கரை 8.6 இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், உடம்பு ரொம்பப் பருமனாக இருந்தால், புகைப் பழக்கம் இருந்தால் புண் ஆறுவதில் சிக்கல் வரும். வெறும் மார்பு எடுக்கும் ஆபரேஷனைவிட மறுசீரமைப்பில் அது இன்னும் முக்கியம். டமாக்சிஃபன் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் பெரிய ஆபரேஷனுக்கு முன் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எதை வைத்து அமைக்கிறார்கள்

பிளாஸ்டிக் சர்ஜனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். புற்றுநோய் சர்ஜன் சொல்லும் இரண்டு வரி போதாது. நான் கரண்ட் முடிந்து ஏழு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அந்த டாக்டர் அம்மா ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார்.

சிலிகான் வைப்பதில் ஆபரேஷன் நேரம் குறைவு, உடம்பில் வேறு எங்கும் வெட்டு இல்லை. சிலருக்கு நேரடியாக வைக்கிறார்கள். சிலருக்கு முதலில் காற்றில்லாத பலூன் மாதிரி ஒரு பையை உள்ளே வைத்து, வாரக்கணக்கில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, பிறகு இன்னொரு ஆபரேஷனில் சிலிகானை மாற்றி வைப்பார்கள். அது ஆயுளுக்கும் இருக்கும் பொருள் இல்லை, ஒருநாள் மாற்ற வேண்டி வரலாம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகைச் சிலிகானை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு (லிம்போமா) தொடர்பு இருந்ததால், 2019இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். எனவே எந்த வகை வைக்கிறார்கள், வழவழப்பா சொரசொரப்பா என்று கேட்டு, அதன் அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

முதுகுச் சதையை வைத்துச் செய்வது இன்னொரு வழி. தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் அகன்ற தசையைத் தோலோடு எடுத்து, அக்குள் வழியாகச் சுற்றி முன்னால் கொண்டு வந்து தைக்கிறார்கள். பெரிய மார்பாக இருந்தால் அது மட்டும் போதாது, அடியில் சிலிகானும் வைக்க வேண்டி வரும்.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். அந்தத் தசை என்ன வேலை செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். கையை ஊன்றி எழுவதற்கு, கயிற்றை இழுப்பதற்கு, மேலே பிடித்து உடம்பைத் தூக்குவதற்கு அது உதவுகிறது என்றார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒரு காகிதத்தில் குறித்தேன். துணி வெட்டத் தரையில் உட்கார்ந்து கையை ஊன்றி எழுவது ஒரு நாளைக்கு 30 தடவைக்கு மேல். இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தள்ளுவது, துணிக்கட்டை இழுத்துப் போடுவது. எல்லாம் முதுகும் தோளும். எப்போதும் உட்கார்ந்து எழுதும் வேலை என்றால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, மற்ற தசைகள் பழகிக்கொள்ளும் என்றும் சொன்னார். எனக்கு அந்தக் காகிதம்தான் பதில் சொன்னது. நீங்களும் மூன்று நாள் இப்படிக் குறித்துப் பாருங்கள். கிணற்றில் நீர் இறைக்கிறீர்களா, பிள்ளையை இடுப்பில் தூக்குகிறீர்களா, நாற்று நடக் குனிகிறீர்களா, ஸ்கூட்டி ஓட்டுகிறீர்களா. எந்தக் கை, எந்தப் பக்கம். அந்தக் காகிதத்தை டாக்டரிடம் கொண்டு போய், "இதில் எதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும், எது குறையும்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, வயிற்றுச் சதை. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பாக அமைப்பது. பழைய முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுப்பார்கள். புதிய முறையில் தசையை விட்டுவிட்டு, மயிரிழை போன்ற ரத்தக் குழாயை நுண்ணோக்கி வைத்து மார்புக் கூட்டில் உள்ள குழாயோடு தைக்கிறார்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கு ஒரு தடவை வந்து நிறமும் சூடும் பார்ப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே திரும்ப ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டும், அரிதாகச் சதை கருகியும் போகும். வயிற்றில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை வடு. சிசேரியன் தழும்பு இருந்தால் பெரும்பாலும் தடையில்லை, ஆனால் வயிற்றில் செய்த எல்லா ஆபரேஷனையும் சொல்லிவிடுங்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கு எடுக்கச் சதை போதாது.

எனக்கு முதன்முதலில் சொன்ன அந்த ஆசிரியை இதைத்தான் செய்துகொண்டார். 38 வயது. கரண்ட் முடிந்து 14 மாதம் கழித்து, சென்னையில். ஏழு மணி நேரம் ஆனதாம். ஆறு வாரம் குடம் தூக்கவில்லை, மூன்று மாதத்தில் ஸ்கூட்டி ஓட்டினார். வடிவைச் சரி செய்யப் பிறகு ஒரு சின்ன ஆபரேஷனும் இருந்தது. "குளிக்கும்போது குனிந்து பார்த்தா ரெண்டும் இருக்கு. அது போதும்க்கா எனக்கு" என்றார். அவர் முகத்தில் இருந்த நிறைவு உண்மையானது. அதைப் பார்த்த பிறகு, மறுசீரமைப்பு என்றால் அழகுக்கு ஆசைப்படுவது என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

எந்த வழியானாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக அமைத்த மார்புக்குத் தொடுவுணர்வு பழையபடி வராது. மரத்துத்தான் இருக்கும். வெந்நீர்ப் பை வைத்தாலோ சூடான அடுப்போரம் நின்றாலோ சுடுவது தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். மார்பை அமைத்தால் நோய் திரும்பி வரும், வந்தால் தெரியாமல் மறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: அதனால் நோய் திரும்புவது கூடுவதில்லை. நல்ல பக்கத்துக்கு வருடாவருடம் மேமோகிராம் எடுப்பதை மட்டும் விடாதீர்கள்.

பணம்

தனியார் மருத்துவமனையில் லட்சக்கணக்கில் ஆகும். மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அதில் இரண்டாவது ஆபரேஷன், சிலிகான் விலை, ஐசியு நாள் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. மறுசீரமைப்புக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் திட்டக் கவுண்டரில் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களிடம் "இது அழகு சிகிச்சை, பணம் தர மாட்டோம்" என்று யாராவது சொன்னால் பாலிசியில் விலக்கு எண் 08ஐப் பிரித்துக் காட்டுங்கள். அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை, ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

அப்படியே விடுவதும் ஒரு முடிவு

நான் மறுபடி அமைத்துக்கொள்ளவில்லை. வேலை ஒரு காரணம், சர்க்கரை இன்னொரு காரணம். மூன்றாவது, இன்னொரு தடவை ஆபரேஷன் மேஜையில் படுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர், "எனக்கு நீ இருந்தாப் போதும்" என்றார். மகள், "அம்மா, உனக்கு வேணும்னா செய், எங்களுக்காக வேண்டாம்" என்றாள். இரண்டையும் கேட்டுக்கொண்டேன், முடிவை ஆறு மாதம் கழித்து நானே எடுத்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் தாழிட்டுக் கண்ணாடி முன் நின்று பார்ப்பேன். முதல் நாள் அழுதேன். நாலாவது வாரம் தழும்பின் தையல் எவ்வளவு நேராகப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. முடிவெடுக்க அந்த நிலை வர வேண்டும். அழுகிற நாளில் முடிவெடுக்காதீர்கள்.

அப்படியே விடுவதென்றால் அதையும் ஆபரேஷனுக்கு முன் சொல்லுங்கள்: "பிறகு அமைப்பதற்கென்று தோல் எதுவும் மிச்சம் விட வேண்டாம், தட்டையாக, சமமாக மூடிக் கொடுங்கள்." ஏன் என்று சொல்கிறேன். துணியில் ஒரு வட்டம் வெட்டி, அந்த ஓட்டையை நேர்கோட்டில் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் துணி பொம்மிக்கொண்டு நிற்கும். உடம்பிலும் அதேதான், அக்குள் ஓரத்தில் ஒரு சதை மடிப்பு நிற்கும். கை அசையும்போதெல்லாம் உரசும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தழும்பைவிட இந்த மடிப்புத்தான் தொல்லை. வெட்டைக் கொஞ்சம் நீட்டி முனையைத் தட்டையாக்கத் தெரிந்த சர்ஜன்கள் இருக்கிறார்கள். கேட்டால் செய்வார்கள்.

வீடு திரும்பிய முதல் வாரங்கள்

முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டி நான்கு வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே தைத்து வையுங்கள். பிறகு டிரெயின் பை. காயத்திலிருந்து நீர் வடிய ஒன்றோ இரண்டோ குழாய் வைத்து, நுனியில் ஒரு டப்பா தொங்கும். கையில் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போவது கொடுமை. பழைய வேட்டித் துணியில் 8 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ஒரு பை தைத்து, நீளமான நாடா வைத்துக் கழுத்தில் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். பை காயத்துக்குக் கீழே தொங்க வேண்டும். இரண்டு பை வைத்தால் ஒன்றைத் துவைக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி என்று எழுதுங்கள். முதலில் சிவப்பாக இருந்து பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். எனக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும், 11ஆம் நாள் எடுத்தார்கள்.

கையை மடக்கி நீட்டுவது, தலை வாருவது போன்ற சின்ன அசைவுகளை மறுநாளே தொடங்கச் சொல்வார்கள். டிரெயின் எடுத்த பிறகு சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி. பென்சிலால் சுவரில் கோடு போட்டுத் தினமும் ஒரு விரற்கடை மேலே போனேன். மறுசீரமைப்பும் செய்தவர்களுக்குப் பயிற்சி வேறு மாதிரி, அவர்கள் கேட்டுச் செய்ய வேண்டும்.

நெறிகட்டிகளை எடுத்த கையில் வீக்கம் வரலாம். சில வருடம் கழித்தும் வரலாம். நான் இடது கையால் துணியைப் பிடிக்கிறவள், ஊசி குத்துவதெல்லாம் அந்தக் கையில்தான். இப்போது விரலுக்குத் தொப்பி போடாமல் ஊசியைத் தொடுவதில்லை. இறுக்கமான வளையல் போடாதீர்கள். ஊசி போடுவதற்கும் பிரஷர் பார்ப்பதற்கும் மறு கையைக் கொடுங்கள். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பொய் மார்பும் ஜாக்கெட்டும்

புண் நன்றாக ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்த இலேசான திண்டு போதும். பருத்தி நூலில் பின்னி இலவசமாகக் கொடுக்கும் பெண்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார். வெறும் பஞ்சில் ஒரு குறை, எடை இல்லாததால் கையைத் தூக்கும்போதெல்லாம் மேலே ஏறிவிடும். நான் ஒரு சின்னப் பையில் 100 கிராம் கடுகு போட்டு, திண்டின் பின்பக்கம் அடியில் வைத்துத் தைத்தேன். துவைக்கும்போது எடுத்துவிடும்படி கொக்கி வைத்திருக்கிறேன். பிராவின் உள்பக்கம் மெல்லிய பருத்தியில் பாக்கெட் போட்டால் நழுவாது.

பெரிய மார்பு உள்ளவர்கள் கொஞ்ச நாளில் பிராவுக்குள் வைக்கும் சிலிகான் பொய் மார்புக்கு மாறுவது நல்லது. ஒரு பக்கம் எடை இல்லாவிட்டால் தோள் ஒன்று தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்கும். அது சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஊக்கு குத்தினால் வீணாகிவிடும். முந்தானையை இடது தோளில் குத்துகிறவர்கள் பார்த்துக் குத்துங்கள். வெயில் நாளில் அதற்குப் பருத்தி உறை போட்டு, இரவில் சோப்பால் கழுவித் துடைத்து வைக்க வேண்டும்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். கொக்கி முன்பக்கம் இருக்கட்டும், பின்கொக்கிக்குக் கை போகாது. பொய் மார்பு போடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் டாட் (மார்பு வடிவுக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடிக்கலாம். போடாதவர்களுக்கு அந்தப் பக்கம் டாட்டை விட்டுவிட்டு, மிச்சத் துணியைப் பக்கத் தையலில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றடைத்த மாதிரி நிற்கும். கழுத்தை ஒரு அங்குலம் ஏற்றினால் குனியும்போது உள்ளே தெரியாது. தழும்பின்மேல் தையல் எதுவும் வராதபடி உள்ளே மல் துணி லைனிங். வீக்கம் வரும் கைக்கு அக்குளிலும் கையிலும் ஒரு அங்குலம் கூடுதலாகத் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால், தேவைப்படும்போது பிரித்துக்கொள்ளலாம். மறுசீரமைப்புச் செய்தவர்கள் கடைசி ஆபரேஷன் முடிந்து வடிவம் நிலைக்கும்வரை புது ஜாக்கெட் தைக்க வேண்டாம். அந்த ஆசிரியைக்கு இரண்டு பக்கமும் டாட் முனை அரை அங்குலம் வித்தியாசப்பட்டது, தனித்தனியாகத்தான் பிடித்தேன்.

அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டாலும் டேப்பைப் பின்னாலிருந்து சுற்றி எடுத்துவிடலாம்.